கருப்பன் கை அரிவாளுக்கு என்ன வயது?

மதுரையிலிருந்து தேனி போகிற சாலையில், காமராசர் பல்கலைக்கழகத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது நாகமலை புதுக்கோட்டை. ஊரை ஒட்டி நீண்டு கிடக்கும் மலைக்குப் பாம்பின் பெயர். மதுரையை அழிக்கச் சமணர்கள் வேள்வியில் எழுப்பிய நாகத்தை அனந்தகுண பாண்டியன் அம்பெய்து வீழ்த்தினான், அதுதான் மலையாகிக் கிடக்கிறது என்று திருவிளையாடற் புராணம் சொல்லும். இந்த வட்டாரத்தில் எந்தக் கண்மாய்க் கரையோரம் நடந்தாலும் ஒரு கருப்பன் கோயில் எதிர்ப்படும். கூரை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அரிவாள் இருக்கும்.

பிடி கீழே, முனை மேலே என்று நட்டுவைத்த அரிவாள்கள். ஆள் உயரத்தைத் தாண்டியவையும் உண்டு. முனையில் எலுமிச்சம்பழம், அலகில் சந்தனம், குங்குமம். சற்றுத் தள்ளிப் பழைய நேர்த்திக்கடன்கள் துருவேறி ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சாய்ந்திருக்கும். கும்பிட வந்த பெரியவர் யாரிடமாவது, "இந்தச் சாமி அருவா எந்தக் காலத்துது ஐயா?" என்று கேட்டால், "அது பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து இருக்குப்பா" என்பார். அவர் கை காட்டுகிற அரிவாளோ போன ஆடியில் வைத்தது. சாணை பிடித்த பளபளப்புகூட இன்னும் மங்கவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. விவரம் தெரியாமலும் சொல்லவில்லை. போன ஆடியில் அதைத் தூக்கி வந்தவர்களில் அவரும் ஒருவராக இருந்திருப்பார். அப்படியானால் அவர் எதன் வயதைச் சொல்கிறார்? ஒரு பொருளின் வயது என்பது அதன் இரும்பின் வயதா, வடிவத்தின் வயதா, அதைக் கையில் ஏந்தியிருக்கும் தெய்வத்தின் வயதா?

பழைய ஆயுதங்களின் வயதையும் ஊரையும் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களை அதிகம் திணறடிக்கும் வாள்களில் பிலிப்பைன்ஸ் தீவுகளின் வாள்கள் முக்கியமானவை. தெற்கே மின்டானாவோ, சூலு தீவுகளில் வாழும் மோரோ முஸ்லிம்களிடம் காலிஸ் என்ற வாள் உண்டு. மலாய் உலகின் கிரிஸ் கத்திக்கு அண்ணன் போல இருக்கும்; சில நெளிநெளியாய் ஓடும், சில நேராய் நிற்கும். அலகின் அடிப்பாகத்தில் அகன்ற குறுக்குத் துண்டு ஒன்று இருக்கும், அதற்குக் காங்யா என்று பெயர். பழைய வாள்களில் அது தனியாகச் செய்து பொருத்தப்பட்ட துண்டு. பின்னால் வந்தவற்றில், பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் செய்தவற்றில், முழு வாளையும் ஒரே இரும்பாய் அடித்துவிட்டு, ஒட்டு இருப்பது போல ஒரு கோட்டை மட்டும் கீறியிருப்பார்கள். அந்தக் கோடு உண்மையான இடைவெளியா, வெறும் கீறலா என்று பார்ப்பதுதான் வல்லுநர் செய்யும் முதல் வேலை.

அந்தக் கோட்டை நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இரண்டு துண்டாய்ச் செய்யும் தேவை போய்விட்டது. ஆனாலும் ஒட்டுக்கோடு இல்லாவிட்டால் அது காலிஸ் ஆகாது என்று அந்தக் கொல்லனுக்குப் பட்டிருக்கிறது. வல்லுநர் பார்வையில் அந்தக் கீறல் வாள் புதியது என்பதற்குச் சாட்சி. கொல்லன் பார்வையில் அது பழைய வாளின் வாரிசு என்பதற்குச் சாட்சி.

பிடியைப் பார்த்தும் சொல்வார்கள். கொண்டைக்கிளித் தலை போலச் செதுக்கிய பிடி சூலுப் பக்கத்து இலை வடிவ வாளான பாரோங்கிலும் காலிஸிலும் வரும். நீண்ட கம்பிலான் வாளின் பிடி வாய் பிளந்த விலங்கு போல் இரண்டாய்ப் பிரிந்திருக்கும். ஆனால் பிடி மரம், அலகு இரும்பு. மரம் உளுத்துப் போகும், மகன் புதுப் பிடி போடுவான், பேரன் வெள்ளிப் பூண் கட்டுவான். பாட்டன் காலத்து அலகும் பேரன் காலத்துப் பிடியுமாய் ஒரு வாள் வந்து நிற்கும்போது அதற்கு ஒற்றை ஆண்டைக் குறிப்பது எப்படி? அதனால்தான் அமெரிக்கச் சிப்பாய்கள் வீட்டுக்கு எடுத்துப்போன வாள்களுக்கு இவ்வளவு மதிப்பு. 1906இல் சூலுவின் புட் டாஜோ மலையில் நூற்றுக்கணக்கான மோரோக்கள் கொல்லப்பட்டார்கள். 1911இல் ஆளுநர் பெர்ஷிங், ஆயுதங்களைப் பறிக்க ஆணையிட்டார். அந்த ஆண்டுகளில் கை மாறிய வாளில் ஒரு சிப்பாயின் துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தால், வாள் அந்தத் தேதிக்கு முந்தியது என்பதாவது உறுதி. தோற்றவன் பெயர் அந்தச் சீட்டில் இருக்காது.

இந்தக் கதை மதுரைச் சீமைக்குப் புதிதல்ல. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கையோடு, அந்த டிசம்பரிலேயே கும்பெனி அரசு தென்சீமை மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று அறிக்கை விட்டது. வாள், ஈட்டி, வளரி எல்லாம் போயின. வளரி என்பது பிறை போல வளைந்த எறிகருவி, மரத்திலும் இரும்பிலும் செய்வார்கள். சின்ன மருதுவிடம்தான் அதை எறியப் பழகியதாக, பின்னால் அதே மருதுவை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பெனி அதிகாரியே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் ஆக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்திலும் வளரிகள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. சிவகங்கை, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் சில குடும்பங்கள் மட்டும் வளரியைச் சாமி அறையில் வைத்துக் கும்பிட்டு வருகின்றன. வாள் ஏந்தும் உரிமை மனிதனிடமிருந்து போன பிறகும் தெய்வத்தின் கையில் ஆயுதம் இருந்தது. கும்பெனியின் அறிக்கை கருப்பனைக் கட்டுப்படுத்தவில்லை.

தஞ்சாவூர் மராட்டியர்களின் ஆயுதசாலைக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அரண்மனை ஆயுதங்களில் ஒரு பகுதியைப் பொறுக்கிச் சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை 1860களில் உடைத்துப் பழைய இரும்பாய் விற்றார்கள். அதை நேரில் கண்ட வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி 1878இல் எழுதிய கட்டுரை இல்லாவிட்டால் அந்தக் குவியலின் அளவுகூட நமக்குத் தெரிந்திருக்காது. தப்பிய ஆயுதங்கள் எழும்பூரில் இருக்கின்றன. ராபர்ட் எல்குட் 2004இல் வெளியிட்ட ஆய்வு நூலின் பெரும்பகுதி அவற்றைப் பற்றியதுதான்.

அவற்றில் கட்டாரிகளைக் கவனிக்க வேண்டும். யாளி முகமும் இலைக்கொடியும் செதுக்கிய பிடி. விரல்களை மறைக்கும் இரும்புக் கவசம். பார்த்தவுடன் தென்னாட்டு வேலை என்று சொல்லிவிடலாம். ஆனால் பலவற்றின் அலகு ஐரோப்பாவில் அடித்தது. கப்பலில் வந்த நீண்ட வாள் எங்கோ உடைந்திருக்கும். உடைந்த துண்டைத் தஞ்சைக் கொல்லன் தேய்த்துக் கட்டாரி ஆக்கியிருப்பான். பரங்கி அலகு பொருத்திய வாளுக்கு வடக்கே ஃபிரங்கி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அலகில் பொறித்த முத்திரையைக் கொண்டு ஊரைக் கண்டுபிடிக்கலாமே என்றால் அதிலும் வழுக்கும். ஜெர்மனியின் ஸோலிங்கன் கொல்லர்கள் ஸ்பெயினின் டொலேடோ முத்திரையைப் போட்டு விற்றார்கள். இத்தாலியின் ஜெனோவா முத்திரை இந்தியாவில் மதிப்புப் பெற்றதும், இங்குள்ள கொல்லர்களே அந்த எழுத்துகளைத் தப்பும் தவறுமாக வெட்டினார்கள். எழுத்து தவறாக இருந்தால் அது இந்திய வேலை என்பது இன்றைய வல்லுநர்களின் குறிப்புகளில் ஒன்று.

கல்லில் செதுக்கிய ஆயுதங்கள் இன்னொரு வழி. மதுரைப் புது மண்டபத்தில் நாயக்க மன்னர்களின் சிலைகள் இடுப்பில் கத்தி செருகி நிற்கின்றன. மண்டபத்தைக் கட்டிய திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். ஆகவே அந்தப் பிடி வடிவம் அந்தக் காலத்தில் தெரிந்திருந்தது என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது. சிற்பி தன் கண்ணால் கண்ட கத்தியைத்தான் செதுக்கினான், குருவிடம் கற்ற கத்தியைச் செதுக்கவில்லை என்று யார் உறுதி சொல்வது?

சரி, இரும்பையே கேட்டுவிடலாமே. தமிழ்நாட்டு இரும்புக்கு இப்போது உலகத்தின் காது திரும்பியிருக்கிறது. 2025 ஜனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கை, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்புக்கருவிகளோடு கிடைத்த மாதிரிகளின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுபோனது. காலம் கணித்தது இரும்பையல்ல, அதனுடன் தாழியில் கிடந்த நெல், கரி போன்றவற்றை. பக்கத்தில் இருந்ததன் வயதை வைத்துத்தான் இரும்பின் வயது சொல்லப்படுகிறது. எஃகிலிருந்தே நேராகக் காலம் கணிக்கவும் வழி உண்டு. உலையில் போட்ட கரியின் கார்பன் எஃகுக்குள் போய்விடுகிறது. அந்தக் கரி எரிந்த மரத்தின் வயதே எஃகின் வயது. கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் மூசை என்ற உலைக்கலத்தில் உருக்கிய பழைய எஃகுக்கு இது பொருந்தும்.

போன ஆடியில் வைத்த கருப்பன் அரிவாளை அந்தச் சோதனைக்கு அனுப்பினால் என்ன ஆகும்? இன்று அரிவாள் அடிக்கப் பெரும்பாலும் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைத்தான் வாங்குகிறார்கள். அந்த எஃகு நிலக்கரியில் பிறந்தது. நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மடிந்த காடு. கதிரியக்கக் கார்பன் அதில் துளியும் மிச்சமில்லை. ஆகவே கருவி, அந்த அரிவாளுக்கு 40,000 ஆண்டுக்கும் மேல் வயது என்று காட்டும். பெரியவர் பாட்டன் காலம் என்றதோடு நின்றார். ஆய்வுக்கூடம் மனிதன் இரும்பையே அறியாத காலத்துக்குப் போய்விடும். அளவீட்டில் பிழை இல்லை. என்ன கேள்வி கேட்கிறோம் என்று தெரியாமல் அளந்ததுதான் பிழை.

கேள்வியைச் சரியாகக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர்கள் நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். சில கிலோமீட்டர் தொலைவில் கீழக்குயில்குடி; தாமரைக் குளம், ஆலமரம், அடிவாரத்தில் அய்யனார், கருப்பசாமி. மேலே சமணர் மலை. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் ஏறத்தாழ 9, 10ஆம் நூற்றாண்டுகளில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் வட்டெழுத்துக் கல்வெட்டுகளோடு அமர்ந்திருக்கின்றன. அந்த மலையில் பாடம் நடந்த காலத்தில் சமண ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அடிப்படைகளில் ஒன்று, திரவியம் வேறு, அதன் பரியாயம் வேறு என்பது. பொருள் நிற்கும், நிலை மாறும். சமந்தபத்திரர் என்ற சமண ஆசாரியர் இதற்குப் பொற்குடத்தை உதாரணம் காட்டினார். குடத்தை உருக்கி முடி செய்தால், குடம் வேண்டியவன் அழுவான், முடி வேண்டியவன் மகிழ்வான், பொன் வேண்டியவன் சும்மா இருப்பான். மூவரும் ஒரே நிகழ்ச்சியைத்தான் பார்க்கிறார்கள், மூவர் கண்டதும் உண்மை.

தஞ்சைக் கட்டாரிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்காது. ஐரோப்பிய வாளைச் சேகரிக்கிறவர், நல்ல அலகை வெட்டிக் குட்டையாக்கிவிட்டார்களே என்று அழுவார். தஞ்சைக் கலையைப் படிக்கிறவர் ஓர் அருமையான கட்டாரி கிடைத்ததென்று மகிழ்வார். உலோகவியல் ஆய்வாளருக்கு இரண்டும் ஒரே எஃகு. எது உண்மையான பிறப்பிடம் என்று சண்டை போடத் தேவையில்லை. எந்த நிலையின் பிறப்பிடம் என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தெளிவான விடை உண்டு.

ஆனால் கருப்பன் கோயில் பெரியவரின் சொல்லுக்கு இந்த விளக்கம் உதவாது. சமணர் சொல்லும் பொன் குடத்திலும் முடியிலும் அதே பொன்னாய் நிற்கிறது. இங்கே ஆண்டுக்கு ஆண்டு வருவது வேறு இரும்பு. பழையது மூலையில் துருப்பிடித்துக் கிடக்கப் புதியது நடுவில் நிற்கிறது, இரண்டும் 'சாமி அருவா'தான். பொருள் மாறிவிட்டது, பெயரும் வடிவமும் இடமும் மாறவில்லை.

பௌத்தர்களிடம் இதற்கு ஒரு பதில் இருந்தது. மினாந்தர் என்ற கிரேக்க மன்னனிடம் நாகசேனர் விளக்குச் சுடரைக் காட்டிக் கேட்டதாகப் பழைய பாலி நூல் சொல்கிறது: முதல் சாமத்தில் எரிந்த சுடரும் கடைசிச் சாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா, வேறா? ஒன்றும் இல்லை, வேறும் இல்லை. ஒன்று மற்றொன்றைப் பற்றவைத்துப் போகிறது. ஒவ்வோர் ஆடியின் அரிவாளும் அடுத்ததை அப்படித்தான் பற்றவைக்கிறது. இந்த வாதம் தமிழில் எவ்வளவு சூடாக நடந்தது என்பதற்கு நீலகேசி சாட்சி. குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்துக்கு மறுப்பாக எழுந்த சமணக் காப்பியம் அது. எல்லாம் கணத்துக்குக் கணம் அழிகிறது என்றால் நேற்றுக் கடன் வாங்கியவன் யார், இன்று கொடுக்க வேண்டியவன் யார் என்கிற வகைக் கேள்விகளால்தான் கணபங்கவாதத்தை எதிர்ப்பவர்கள் அதை மடக்கப் பார்த்தார்கள். நேர்த்திக்கடன் என்ற சொல்லிலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. நேர்ந்தபோது பிள்ளை நோயில் கிடந்தான். செலுத்தும்போது அவனே அரிவாளைத் தோளில் சுமந்து வருகிறான். நேர்ந்தவரும் செலுத்துகிறவரும் ஒருவரே என்ற நம்பிக்கை இல்லாமல் கடன் என்ற சொல்லுக்கே பொருளில்லை.

பெரியவர் பௌத்தரோடு முழுக்கவும் உடன்பட மாட்டார். சுடர் சுடராய் மாறுகிறது, உள்ளே நிலையான ஒன்றும் இல்லை என்று பௌத்தர் சொல்வார். பெரியவருக்கோ உள்ளே நிலையாய் ஒருவர் இருக்கிறார், அவர் கருப்பன். இந்த இடத்தில் ஆகமக் கோயில்களின் வழக்கம் அவருக்குத் துணை வரும். குடமுழுக்குத் திருப்பணி தொடங்கும்முன் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் ஆற்றலைக் கலசத்துக்கோ, அத்திப் பலகையில் தீட்டிய உருவத்துக்கோ இறக்கி வைத்து, பணி முடிந்ததும் திரும்ப ஏற்றுவார்கள். தெய்வம் இடம் மாறித் தங்கியிருக்கிறது, கல் செப்பனிடப்படுகிறது. பூரியில் ஜெகந்நாதரின் மர உருவங்களையே மாற்றிவிடுகிறார்கள். கடைசியாக 2015இல் நடந்தது. கண்களைக் கட்டிக்கொண்டு, பழைய உருவத்தின் உள்ளிருக்கும் பிரம்ம பதார்த்தத்தைப் புதியதற்குள் வைப்பார்கள். ஜப்பானின் இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் அப்படியே புதிதாய்க் கட்டுகிறார்கள். 2013இல் அது நடந்தபோது ஆலயப் பொக்கிஷங்களும் புதிதாகச் செய்யப்பட்டன, அவற்றில் வாள்களும் உண்டு. ஆயிரம் ஆண்டு கடந்த ஆலயம் அது, அதன் தூண்களோ இளையவை. யுனெஸ்கோ அதிகாரிகளும் பழம்பொருள் வல்லுநர்களும் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல நல்ல சொல் தேடி எத்தனையோ கூட்டம் போட்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கிழவர்களிடம் அந்தச் சொல் இருக்கிறது: பிடிமண்.

புரவி எடுப்பு நடக்கப்போகும் ஊரில், கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்து வேளாரிடம் கொடுப்பார்கள். அதிலிருந்துதான் அய்யனார் குதிரை பிறக்கிறது. குதிரைக்கு வேண்டிய மண் வண்டி வண்டியாய்க் கண்மாயிலிருந்து வரும், அதை அந்த ஊர்ச் சாமியின் குதிரை ஆக்குவது அந்த ஒரு பிடிதான். பஞ்சம் பிழைக்க ஊர்விட்டுப் போனவர்களும் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் முடிந்து கொண்டுபோய்ப் போன இடத்தில் கோயில் எழுப்பினார்கள். அந்தப் புதுக் கோயிலின் வயது என்ன என்று அவர்களைக் கேட்டால், தாய்க்கோயிலின் வயதைத்தான் சொல்வார்கள். கருப்பனுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு உருவமே இல்லை. சாத்திய கதவுக்குச் சந்தனம் பூசிக் கும்பிடுகிறோம். உருவமே வேண்டாத தெய்வத்துக்கு ஒரு குறிப்பிட்ட இரும்பு மட்டும் வேண்டுமா?

இதுவரை பெரியவரின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு வரம்பு உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. 'பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறது' என்பது தொடர்ச்சியைப் பற்றிய வாக்கு. அதையே எடுத்து, 'இந்த அரிவாள் 500 ஆண்டுப் பழமையானது' என்று பலகை எழுதி மாட்டினால் அது இரும்பைப் பற்றிய வாக்காக மாறிவிடுகிறது, பொய்யாகவும் ஆகிவிடுகிறது. நம்பிக்கைக்கு அந்தப் பொய் தேவையே இல்லை. கோயிலுக்கு அதனால் பெருமை கூடுவதும் இல்லை. மாறாக, உண்மையாகவே பழைய வாளோ வளரியோ அந்தக் குவியலின் அடியில் கிடந்தால் அதை யாரும் நம்பாத நிலை வரும். இந்தியச் சட்டம் 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தொல்பொருள் என்கிறது, 1972ஆம் ஆண்டுச் சட்டம் அது. 1801க்கு முந்திய ஓர் அலகு அப்படிக் கண்டறியப்பட்டால், ஆயுதம் பறிக்கப்பட்ட மக்களின் கையில் தப்பிய ஒரு சாட்சி கிடைத்ததாக அர்த்தம். அதை அடித்த கொல்லனின் கைத்திறனும் அத்தோடு வெளியே வரும். அந்தக் கொல்லனுக்குக் கல்வெட்டு கிடையாது, காப்பியம் கிடையாது. தோய்ச்சல் ஏற்றிய வாய், முதுகின் கனம், காம்பைச் செருகிய விதம், இவைதான் அவன் விட்டுப்போன எழுத்து.

இரண்டு வயதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதைப் பத்தூர் நடராசர் வழக்கு காட்டியது. அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணுக்கடியில் கிடைத்த செப்புத் திருமேனி கடத்தப்பட்டு லண்டன் போய்ச் சேர்ந்தது. எந்த ஊர்ச் சிலை என்று நிறுவ வேண்டியிருந்தது. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சிற்ப அமைதியைக் கொண்டு சாட்சி சொன்னார். உலோகமும், ஒட்டியிருந்த மண்ணும், கரையான் புற்றின் தடமும்கூட நீதிமன்றத்தில் ஆராயப்பட்டன. அதே வழக்கில், இடிந்து கிடந்த பத்தூர் விசுவநாத சுவாமி கோயில் தன் சார்பில் வழக்காடலாம் என்றும் ஆங்கில நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1991இல் நடராசர் தாயகம் திரும்பினார். கரையான் தடத்தை அளந்த அறிவியலும், கோயில் இடிந்தாலும் அதன் தெய்வத்துக்கு உரிமை போகாது என்ற நம்பிக்கையும் ஒரே பக்கத்தில் நின்று வாதாடின. ஒன்று மட்டும் இருந்திருந்தால் வழக்கு நின்றிருக்காது.

மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில் திருப்பாச்சேத்தி. அரிவாளுக்கே அந்த ஊர்ப் பெயர் அடைமொழியாகிவிட்டது. பட்டறையில் ஸ்பிரிங் பட்டை உலையில் சிவந்து வெளியே வரும். ஒருவர் குறட்டில் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டி போடுவார். விறகு வெட்டவும் தென்னை மட்டை கழிக்கவும் வாங்குகிற அரிவாளும், கருப்பனுக்கு நேர்ந்துகொண்டு வாங்குகிற அரிவாளும் அதே பட்டடைக் கல்லில்தான் பிறக்கின்றன. நேர்ந்து வாங்குபவர்கள் அலகில் தங்கள் பெயரையும் ஊரையும் ஆண்டையும் வெட்டித் தரச் சொல்வதுண்டு.

அந்த எழுத்துகள் கோயில் மூலையில் மழையிலும் பனியிலும் சில ஆண்டுகள்தான் தாங்கும். இடம் நிறைந்துவிட்டால் பழைய அரிவாள்களை என்ன செய்வது என்ற கேள்வி எந்தக் கோயிலுக்கும் ஒருநாள் வரும்; தஞ்சை அரண்மனைக்கு வந்த அதே கேள்வி. எடைக்குப் போவதற்குள் யாராவது ஒரு நோட்டோடு வந்து உட்கார வேண்டும். நாகமலையைச் சுற்றிக் கல்லூரிகள் இருக்கின்றன, பல்கலைக்கழகம் இருக்கிறது, வரலாறு படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பூசாரியிடம் கேட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்கலாம்: எவ்வளவு நீளம், வளைவு எங்கே தொடங்குகிறது, பிடி மரமா இரும்பா, லாரிப் பட்டையா அதற்கு முந்திய நாட்டு இரும்பா, பெயர் தெரிகிறதா. எழுதி முடித்தபின் இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்துவிடலாம். நடுவில் நிற்கும் புது அரிவாளைத் தொட வேண்டியதில்லை. அதன் வயதைப் பெரியவர் சொல்லிவிட்டார்.